கடலின் ஆழத்தை ஒலியால் அளக்கும் கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். ஆனால் அந்தக் கருவி அளப்பது ஆழத்தை அல்ல, நேரத்தை. திருகோணமலையில் மாமாவின் பைபர் போட்டில் போன ஒரு நாள்தான் எனக்கு இது சரியாக விளங்கியது.

போட்டின் அடியில் இருக்கும் சென்சர் ஒரு சின்ன ஒலித்துடிப்பைக் கீழே அனுப்பும், அது தரையில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்க்கும். கடல் நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் போகும். போய் வந்த தூரம் என்பதால் பாதியாக்க வேண்டும். 0.1 செக்கனில் திரும்பினால் 75 மீற்றர், அவ்வளவுதான் கணக்கு.

அன்று கோணேசர் மலையடியைச் சுற்றிக் கொட்டியாரக் குடாப் பக்கம் திரும்பினோம். திரையில் 40, 70, 120 என்று ஏறிக்கொண்டே போன எண், விட்டு விட்டு மின்னி, திடீரென்று 25 மீற்றரில் நின்றுவிட்டது. மாமா எஞ்சினை நிறுத்தி, ஈயக்குண்டு கட்டிய தங்கூசியை (நைலோன் தூண்டில் நூல்) இறக்கினார். கை இரண்டையும் விரித்து விரித்துப் பாகம் எண்ணினார் (ஒரு பாகம் ஆறடி). 25 மீற்றர் உண்மையென்றால் 14 பாகத்தில் குண்டு தட்டியிருக்க வேண்டும். 40 பாகம் விட்டும் தட்டவில்லை. "தரை இங்க இல்லைத் தம்பி, இது வேற எதையோ சொல்லுது" என்றார்.

உண்மையில் அது தரையைத்தான் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் பழைய துடிப்பின் பதிலை வைத்து. கருவி அரைச் செக்கனுக்கு ஒரு துடிப்பு அனுப்புகிறது என்று வையுங்கள். தரை 400 மீற்றரில் இருந்தால் எதிரொலி வர 0.533 செக்கன் ஆகும், அதற்குள் அடுத்த துடிப்பு போய்விடும். வந்த பதிலைக் கருவி புதிய துடிப்புக்கு உரியதாக எடுத்துக்கொண்டு 0.033 செக்கன் என்று கணக்குப் போட்டால் வருவது 25 மீற்றர். எங்கள் துறைமுக வாசலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி ஆயிரம் மீற்றருக்கும் கீழே இறங்குகிறது, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே இந்த மாதிரி நடக்க அதுதான் காரணம்.

பள்ளத்தாக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒலி கீழே போகப் போக விரியும், அதனால் நேர் கீழே உள்ள தரைக்கு முன்னால் பக்கத்துச் சரிவின் எதிரொலி வந்துவிடும், ஆழம் குறைத்துக் காட்டும். ஆய்வுக் கப்பல்கள் மெல்லிய கற்றைகள் பலவற்றை ஒரே நேரத்தில் விசிறிபோல் அனுப்புவது இதைக் குறைக்கவும் உதவும். அப்புறம் வேகம். நம் கடலின் மேல்நீர் 28 பாகை சூட்டில் ஒலியைச் சுமார் 1540 மீற்றர் வேகத்தில் கடத்தும், 1500 என்று வைத்திருக்கும் கருவி 100 மீற்றரை 97 என்று சொல்லும். மகாவலி நன்னீர் கொண்டு வந்து கொட்டும் மாரியில் உப்புக் குறைந்து வேகமும் மாறும். மீன்பிடிக்கு இது பெரிதில்லை, கடல் வரைபடம் போடுகிறவர்களுக்குப் பெரிது. அவர்கள் நீரின் சூட்டையும் உப்பையும் ஆழத்துக்கு ஆழம் அளந்து திருத்துவார்கள்.

இத்தனை குறை இருந்தும் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யோசியுங்கள். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சலஞ்சர் என்ற பிரித்தானிய ஆய்வுக் கப்பல் ஆழ்கடலில் ஒரு இடத்தை அளக்கவே கயிறு இறக்கி ஏற்ற மணிக்கணக்காகக் காத்து நின்றது. டைட்டானிக் மூழ்கிய பின் பனிமலையைக் கண்டறிய வழி தேடிய ஜெர்மானியர் அலெக்சாண்டர் பெம் 1913இல் எதிரொலி முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1925-27இல் மீற்றியோர் என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பல் எதிரொலி முறையால் தென் அத்திலாந்திக்கில் ஓடிக்கொண்டே 60,000க்கும் மேல் அளவுகள் எடுத்தது.

உங்கள் கருவியில் சந்தேகம் வந்தால் ரேஞ்ச் அமைப்பை (எவ்வளவு ஆழம் வரை பார்க்க வேண்டும் என்பதை) மாற்றிப் பாருங்கள். துடிப்புகளின் இடைவெளி மாறும், பொய்த்தரை இடம் மாறும், உண்மைத் தரை அசையாது. மாமா இப்போது குடாவைத் தாண்டும்போதெல்லாம் முதலில் அதைத்தான் செய்கிறார், தங்கூசியையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு.