ஒரு வாம்பயருக்கு எத்தனை பேர் வேண்டும்?

கேள்வி: நான் ஒரு மாயாஜாலத் தொடர்கதை எழுதி வருகிறேன். மந்திரம் பலிக்கும் கற்பனை ராஜ்யம். மலையடிவாரத்தில் ஒரு லட்சம் ஜனங்கள். மேலே கோட்டையில் ரத்தம் குடித்து வாழும் நாற்பது பேர் கொண்ட ஒரு குலம். பதின்மூன்று அத்தியாயம் முடிந்துவிட்டது. போன வாரம் ஒருவர், "வெறும் ரத்தத்தைக் குடித்து ஒரு ஜீவன் எப்படிப் பிழைக்கும்? கடிபட்டவர் எல்லாம் வாம்பயர் ஆகிவிட்டால் ஊரில் மனுஷர் மிஞ்சுவார்களா?" என்று கேட்டு எழுதியிருந்தார். மந்திர உலகத்துக்கு எதற்கு உயிரியல் என்று பதில் எழுதப்போனேன், மனசு ஒப்பவில்லை. வாம்பயர் வெயிலில் சாகும், கண்ணாடியில் தெரியாது, பூண்டுக்குப் பயப்படும் என்பார்களே, இதையெல்லாம் வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்றும் தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, கரூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மனசு ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த மனசை நம்புங்கள். மந்திரம் பலிக்கும் ஊரிலும் குதிரைக்குப் புல் வேண்டும், படைக்குச் சோறு வேண்டும். கோட்டையில் இருப்பவர்களுக்கு மட்டும் பசி ஓர் அலங்காரமாக இருந்தால் வாசகர் கண்டுபிடித்துவிடுவார். உங்கள் வாசகர் கண்டுபிடித்தும்விட்டார். ஆகவே வெயிலும் பூண்டும் கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் அந்த நாற்பது பேரின் சாப்பாட்டுக் கணக்கைப் போட்டுவிடுவோம்.

ரத்தம் நாம் நினைக்கிற அளவுக்குச் சத்தான ஆகாரம் கிடையாது. ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி புரதம், லிட்டருக்கு ஏறக்குறைய 190 கிராம். சர்க்கரை ஒரு கிராம் இருந்தால் அதிகம். கொழுப்பும் சொற்பம். எல்லாம் கூட்டினால் லிட்டருக்கு 750 கலோரி தேறும். நடமாடுகிற ஓர் ஆளுக்கு நாளைக்கு 2000 கலோரி என்று வைத்தால், உங்கள் கோட்டைவாசி ஒவ்வொருவரும் ராத்திரிக்கு இரண்டரை லிட்டருக்குக் குறையாமல் குடித்தாக வேண்டும். பெரியவர் ஒருவர் உடம்பில் இருப்பதே ஐந்து லிட்டர்தான். கொன்று குடித்தால் இரண்டு நாளைக்கு ஓர் உயிர். நாற்பது பேருக்கு வருஷத்துக்கு 7,300 உயிர்கள். எவ்வளவு பிள்ளைகள் பிறந்தாலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. ஒரு தலைமுறை முடிவதற்குள் அடிவாரம் காலி, அதற்கடுத்த வாரம் கோட்டையும் காலி.

சரி, கொல்லாமல் குடிக்கிறார்கள் என்று வையுங்கள். நம் ரத்த வங்கிகளில் ஒருவரிடம் ஒரு தடவைக்கு 350 மில்லி எடுக்கிறார்கள், எடை கூடுதலாக இருந்தால் 450. அடுத்த முறை கொடுக்க ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் பொறுக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு வாம்பயருக்கு ராத்திரிக்கு ஏழு பேர். அதே ஏழு பேரைத் தொண்ணூறு நாளைக்கு மறுபடி தொடக்கூடாது என்றால், ஒரு வாம்பயரைப் பட்டினி இல்லாமல் வைத்திருக்க 630 ஆண்கள் வேண்டும். பெண்களையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் ஏறும். நாற்பது பேருக்கு 25,200. உங்கள் ராஜ்யத்தின் கால்வாசி ஜனங்கள்!

இந்த எண்ணை எழுதி மேஜைக்கு மேலே ஒட்டி வையுங்கள். நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் கதை இதற்குள்தான் இருக்கிறது. இவ்வளவு பேரிடம் முறை வைத்து ரத்தம் வாங்குகிறவர்கள் இருட்டில் பதுங்கித் திரியும் பிசாசுகளாக இருக்க முடியாது. அவர்களுக்கு ஊர்வாரியாகக் கணக்கு வேண்டும், கணக்கப்பிள்ளை வேண்டும், கர்ப்பிணிக்கும் நோயாளிக்கும் விலக்கு வேண்டும், அந்த விலக்கை விலைக்கு விற்கிற இடைத்தரகனும் வந்துவிடுவான். சோகை பிடித்த கிராமம் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அறுவடைக்கு ஆள் வருவார்கள், ஆனால் வரப்பில் நாலு எட்டு நடப்பதற்குள் மூச்சு வாங்கும். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்திருக்கும். கோட்டையின் ஆள் ஒருவன் வீடு வீடாக வந்து அப்படி இமையை இழுத்துப் பார்த்து, "இந்த மாசம் இவன் வேண்டாம்" என்று குறித்துக்கொண்டு போகிறான். பல் பதிகிற காட்சியைவிட இது எனக்குப் பயங்கரமாகப் படுகிறது.

இனி அவர்கள் உடம்புக்குள் போவோம். இரண்டரை லிட்டர் ரத்தத்தில் 475 கிராம் புரதம் இருக்கிறது. அதைச் செரித்தால் யூரியா நமக்கு வருவதைப் போல ஐந்தாறு மடங்கு சேரும். அதைக் கழுவி வெளியேற்ற அசுர பலமுள்ள சிறுநீரகம் வேண்டும். அடுத்தது இரும்பு. லிட்டருக்கு அரை கிராம் வீதம், மனித உடம்பு முழுவதிலும் இருக்கிற மூன்று நான்கு கிராம் இரும்பை மூன்றே ராத்திரியில் குடித்துவிடுவார்கள். நம் குடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான், உள்ளே போன மிகுதியை வெளியே தள்ள உடம்பில் வழியும் கிடையாது. இரும்பு அளவுமீறிச் சேரும் பரம்பரை நோய் மனிதர்களுக்கே உண்டு. அதில் கல்லீரல் கெடும், மூட்டு வலிக்கும், தோல் வெண்கல நிறத்துக்குக் கறுக்கும். ஆகவே உங்கள் முதல் அத்தியாயத்தில் வரும் அந்த வெளிறிய முகங்களைத் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். கோட்டையின் மூத்தவர் வெண்கலச் சிலை நிறத்தில், விரல் மூட்டுகளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும்.

ரத்தம் மட்டுமே குடித்துப் பிழைக்கும் பாலூட்டிகள் நிஜத்திலும் உண்டு, மூன்றே மூன்று வௌவால் இனங்கள். மூன்றும் இருப்பது மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரை. நம் ஊர் வௌவால்களுக்கு இந்தப் பழக்கம் இல்லை. இவற்றை ஒரு முறையாவது கவனமாகப் படித்துவிட்டு வாம்பயரைப் படைக்க உட்காருவது நல்லது, ஏனென்றால் இயற்கை ஏற்கெனவே போட்டுத் தீர்த்த கணக்கு அது. பொதுவாகக் காணப்படும் இனத்தின் எடை முப்பது நாற்பது கிராம். ஒரு வேளைக்குத் தன் எடையில் பாதிக்கு ரத்தம் குடிக்கிறது. அந்தப் பாரத்தோடு பறக்க முடியாதே! அதனால் குடித்துக்கொண்டிருக்கும்போதே, சில நிமிஷங்களுக்குள், தண்ணீரைச் சிறுநீராக வெளியேற்றத் தொடங்கிவிடுகிறது. கோரைப்பல்லால் குத்தி உறிஞ்சுவதும் கிடையாது. சவர அலகு போன்ற முன்பற்களால் தோலைச் சின்னதாகச் சீவி எடுத்துவிட்டு, கசிவதை நாக்கால் நக்குகிறது. எச்சிலில் இருக்கும் பொருள் ரத்தத்தை உறையவிடாது. தோலுக்கு அடியில் சூடான ரத்தம் எங்கே ஓடுகிறது என்பதை மூக்கின் ஓரத்துக் குழிகள் சுமார் 20 சென்டிமீட்டர் தூரத்திலிருந்தே உணர்ந்துவிடும்.

இதில் என்னை எப்போதும் உலுக்குவது அதன் பசிதான். ரத்தத்தில் கொழுப்பு சொற்பம் என்பதால் சேமிப்பும் இல்லை. இரண்டு மூன்று ராத்திரி தொடர்ந்து இரை கிடைக்காவிட்டால் செத்துப்போகும். பொந்துக்கு வெறும் வயிற்றோடு திரும்பிய வௌவாலுக்கு, குடித்துவிட்டு வந்தது தன் வயிற்று ரத்தத்தைக் கக்கி வாயோடு வாயாக ஊட்டுகிறது. கோஸ்டாரிகாவில் ஜெரால்ட் வில்கின்சன் இதை ஆராய்ந்து 1984-ல் எழுதினார். சொந்தத்துக்கு மட்டும் ஊட்டுவதில்லை, கூடவே தங்கிப் பழகியதற்கும் ஊட்டுகிறது. உங்கள் குலத்துக்குப் பாசம், கடன், துரோகம் மூன்றையும் இதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் கதையில் அந்த நாற்பது பேரும் ஏன் ஒரே கோட்டையில் இருக்கிறார்கள் என்று இதுவரை சொல்லவில்லை. தனியாக இருந்தால் மூன்றாம் ராத்திரி சாவு, அதனால்தான் என்று சொல்லிப் பாருங்கள்.

25,200 பேர் உங்கள் கதைக்கு அதிகம் என்று தோன்றினால் அவர்கள் உடம்பைக் குளிர வைத்துவிடுங்கள். பாம்பு, முதலை போன்ற குளிர்ரத்தப் பிராணிகள் அதே எடையுள்ள பாலூட்டி செலவழிப்பதில் பத்தில் ஒரு பங்கு சக்தியில் காலம் தள்ளுகின்றன. தேவை கால் லிட்டராக இறங்கும், ஒரு வாம்பயருக்கு 63 பேர், குலத்துக்கு 2,520 பேர் போதும். தொட்டால் சில்லென்ற உடம்பு, நாள் முழுக்கப் பெட்டிக்குள் அசையாத தூக்கம் இவற்றுக்கெல்லாம் காரணமும் கிடைத்துவிடும். ஆனால் குளிர்ந்த உடம்பு வேகமாக ஓடாது, மார்கழிப் பனியில் கை எழும்பாது. பத்து ஆள் பலம் வேண்டுமென்றால் அந்த ராத்திரி உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும், அதற்குக் கூடுதலாகக் குடிக்க வேண்டும். மந்திரத்தை வைக்க வேண்டிய இடம் இதுதான். அது பலத்தைக் கொடுக்கட்டும், ஆனால் பசியைத் தள்ளுபடி செய்யக் கூடாது. ஒவ்வொரு மந்திரமும் கால் லிட்டரோ அரை லிட்டரோ யாரோ ஒருவர் உடம்பிலிருந்துதான் வர வேண்டும்.

கடிபட்டவர் எல்லாம் மாறிவிடுவார்களா என்று கேட்டவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். ஒருவர் மாதத்துக்கு ஒருவரை மாற்றினால் எண்ணிக்கை மாதாமாதம் இரட்டிக்கும். ஒரே ஒரு வாம்பயரில் தொடங்கினாலும் உங்கள் லட்சம் பேர் ராஜ்யம் பதினேழாவது மாதத்தில் முடிந்துவிடும். நம் பூமியின் ஜனத்தொகைக்கே 33 மாதம் போதும். ஆகவே மாறுவது அபூர்வமாக இருக்கட்டும். கிழக்கு ஐரோப்பாவின் ஸ்லாவிய மக்களுடைய பழைய நம்பிக்கைகளில் கடி ஒன்றுதான் வழி என்று இல்லை. பிணத்தின் மேல் பூனை தாண்டினாலும், தற்கொலை செய்துகொண்டாலும் திரும்பி வருவார்கள் என்று பயந்தார்கள்.

அந்தப் பழைய பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கு நிறையக் கிடைக்கும். 1725-ல் செர்பியாவின் கிசில்யேவோ கிராமத்தில் பீட்டர் பிளாகோயெவிச் என்ற குடியானவர் இறந்து பத்து வாரம் ஆகியிருந்தது. எட்டே நாளில் ஊரில் ஒன்பது பேர் செத்தார்கள். தூக்கத்தில் அவர் வந்து மேலே படுத்துக் கழுத்தை நெரித்தார் என்று சாகும்போது சொன்னார்கள். அவருடைய மனைவி, செத்தவர் வீட்டுக்கு வந்து தம் செருப்பைக் கேட்டார் என்று சொல்லிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். அப்போது அந்தப் பகுதி ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. அதிகாரி ஃப்ராம்பால்ட் முன்னிலையில் குழியைத் தோண்டினார்கள். தோல் உரிந்து அடியில் புதுத்தோல், புது நகம், வாயில் ரத்தம். மார்பில் கழியை இறக்கி, பிறகு எரித்துவிட்டார்கள். அதிகாரி எழுதியனுப்பிய அறிக்கை வியன்னா பத்திரிகையில் அச்சாகி ஐரோப்பா முழுக்கப் பரவியது.

பிணம் அழுகும் விதம் தெரிந்தவர்களுக்கு இதில் மர்மம் இல்லை. உள்ளே வாயு சேர்ந்து உடல் உப்பும், அழுத்தத்தில் கறுஞ்சிவப்புத் திரவம் வாய்க்கு வரும், மேல்தோலும் நகமும் கழன்று அடியில் இளஞ்சிவப்பாகத் தெரியும். கழி இறங்கும்போது வாயு தொண்டை வழியாக வெளியேறினால் முனகல் கேட்கும். 1755-ல் பேரரசி மரியா தெரசா தம் மருத்துவர் ஹெரார்ட் வான் ஸ்வீட்டனின் ஆலோசனையை ஏற்று, இப்படிப் பிணங்களைத் தோண்டுவதையே தடை செய்தார். ஆனால் அந்த ஜனங்களைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஒரு சாவு அடுத்த சாவைக் கூட்டிவருகிறது என்பதை அவர்கள் சரியாகவே பார்த்தார்கள். தொற்று நோய்க்கு விளக்கம் தெரியாத காலத்தில் செத்தவர் மேல் பழி விழுந்தது. உங்கள் ராஜ்யத்தில் நிஜமாகவே ஊர் ஊராக ரத்தம் குடிக்கிற ஒருவன் இருக்கிறான். லத்தீன் அமெரிக்காவில் வௌவால் கடித்து மாடுகளுக்கு வெறிநோய் பரவுகிறது. அதைப் போல இவனும் ஒரு கிராமத்துக் காய்ச்சலை அடுத்த கிராமத்துக்குக் கொண்டுபோவான். அவன் குடித்த கால் லிட்டரால் யாரும் சாக மாட்டார்கள், பின்னாலேயே வரும் காய்ச்சலில் செத்துப்போவார்கள். தான் கொல்லவே இல்லை என்று அவன் மனசார நம்பிக்கொண்டிருக்கலாம்.

வெயில்: அது வாம்பயரைக் கொல்லும் என்பது 1922-ல் வந்த ஒரு ஜெர்மன் மௌனப்படத்திலிருந்து பரவியது. அதற்கு முன் 1897-ல் வந்த புகழ்பெற்ற ஆங்கில நாவலில் வாம்பயரான கோமகன் பகலில் லண்டன் வீதியிலேயே நடமாடுகிறான். உங்களுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் குளிர்ந்த உடம்பு வெயிலில் கதகதப்பு தேடிப்போகும், அதைக் கவனியுங்கள். கண்ணாடி கதைக்கு உதவவில்லை, விட்டுவிடலாம். பூண்டும் அப்படித்தான். அதற்குப் பதில் கிழக்கு ஐரோப்பிய நம்பிக்கை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: வழியில் கசகசாவையோ தினையையோ இறைத்துவிட்டால் வாம்பயர் விடியும்வரை ஒவ்வொரு மணியாக எண்ணிக்கொண்டிருப்பான். எண்ணாமல் தாண்ட அவனால் முடியாது.

ஆள் எண்ணியே வாழ வேண்டிய உங்கள் குலத்துக்கு அது அப்படியே பொருந்தும். பதினான்காம் அத்தியாயத்தில் சண்டை வேண்டாம். கணக்கப்பிள்ளை பதிவேட்டோடு கோட்டைக்கு ஏறிவரட்டும். 2,520 பேர் இருக்க வேண்டிய இடத்தில் இந்த மழைக்காலக் காய்ச்சலுக்குப் பிறகு 2,331 பேர்தான் இருக்கிறார்கள் என்று மூத்தவரிடம் அவன் சொல்லட்டும். நாற்பதில் மூன்று பேருக்குச் சாப்பாடு இல்லை. யார் அந்த மூன்று பேர் என்பதிலிருந்து எழுத ஆரம்பியுங்கள்.