சிஸ்டம் அட்மின் படிக்கப் போகிறீர்களா? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

பகலில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மாலையில் ஒரு சமுதாயக் கல்லூரியில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் நிர்வாகப் பாடத்துக்கு லேப் எடுக்கிறேன். இந்தப் படிப்பைப் பற்றி எனக்கு வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, எனக்கு புரோகிராமிங் தெரியாது, கணக்கும் சுமார்தான். டேட்டா என்ட்ரி வேலையில் இருக்கிறேன். இந்தப் படிப்பு ஒத்துவருமா?

தாராளமாக ஒத்துவரும். கணக்கு என்று பார்த்தால் ஒரு ஃபைலை யார் படிக்கலாம் (4), எழுதலாம் (2), ஓட்டலாம் (1) என்ற பெர்மிஷனுக்கு 4, 2, 1 கூட்டத் தெரிய வேண்டும், நெட்வொர்க் பாடத்தில் சப்நெட் போடும்போது (நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும்போது) பைனரி கொஞ்சம் வரும், அவ்வளவுதான். கட்டளைகளைக் கோத்து எழுதும் ஷெல் ஸ்கிரிப்ட் பாதி செமஸ்டரில் தானாகவே பழகிவிடும். நான் லேபில் பார்த்தவரை, திரையில் வந்த எர்ரர் மெசேஜைக் கடைசி வரி வரைக்கும் பொறுமையாகப் படிக்கிறவர்கள்தான் முன்னேறுகிறார்கள். வேகமாக டைப் அடிக்கிறவர்கள் பல பேர் அதைப் படிக்காமலே அடுத்த கட்டளைக்குத் தாவிவிடுகிறார்கள்.

கேள்வி: முதலில் லினக்ஸா, விண்டோஸ் சர்வரா?

இரண்டும் வேண்டும். ஆர்டர் உங்கள் கையில் இருந்தால் லினக்ஸை முதலில் எடுங்கள் என்பது என் கருத்து. அதில் செட்டிங் எல்லாம் பெரும்பாலும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்களில் இருக்கும். எது மாறினால் என்ன ஆகிறது என்பதை ஃபைலைத் திறந்து கண்ணால் பார்க்கலாம். 1969-இல் பெல் லேப்ஸில் தொடங்கிய யூனிக்ஸ் காலத்துப் பழக்கம் அது, 1991-இல் வந்த லினக்ஸும் அதையே பிடித்துக்கொண்டது. ஆனால் ஆயிரம் பேர் வேலை பார்க்கும் ஆஃபீஸில் யார் எந்தக் கம்ப்யூட்டரில் லாகின் ஆகலாம், எந்தப் பிரிண்டரைத் தொடலாம் என்பதையெல்லாம் பெரும்பாலும் ஆக்டிவ் டைரக்டரிதான் தீர்மானிக்கிறது, விண்டோஸ் 2000-உடன் வந்தது இன்றும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொடாமல் கோர்ஸை முடித்தால் வேலைவாய்ப்பில் பாதிக் கதவு மூடியபடியேதான் இருக்கும்.

கேள்வி: என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்தான். வீட்டில் லேப் போட முடியுமா சார்?

முடியும். ஒரு கம்ப்யூட்டருக்குள் விஎம் என்ற மென்பொருள் கம்ப்யூட்டர்களை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போடுங்கள், பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்கில்) விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். டெஸ்க்டாப் இல்லாத லினக்ஸ் சர்வருக்கு 1 ஜிபி, 2 ஜிபி போதும், இரண்டு விஎம் ஒன்றாக ஓடும். விண்டோஸ் சர்வருக்கு 180 நாள் இவால்யுவேஷன் பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு செமஸ்டருக்கு அது தாராளம். பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் முதலில் எஸ்எஸ்டி மாற்றுங்கள், மற்ற செலவெல்லாம் அப்புறம்.

எதையாவது உடைத்துப் பார்க்கும் முன் ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேர நிலையின் பதிவு) எடுங்கள். ஆனால் ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள். அது அதே டிஸ்க்கில், மூல டிஸ்க் ஃபைலை நம்பித்தான் இருக்கிறது. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

கேள்வி: அபாச்சி வெப் சர்வர் போட்டு, என் ஹோம் டைரக்டரியில் எழுதிய ஒரு பக்கத்தை வெப் டைரக்டரிக்கு மூவ் செய்தேன். 403 (அனுமதி இல்லை) வருகிறது. பெர்மிஷன் 644 சரியாக இருந்தது, கடைசியில் எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 கூடக் கொடுத்தேன், அசையவில்லை. நண்பன் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பை ஆஃப் பண்ணச் சொன்னான், உடனே ஓடியது. அப்படியே விட்டுவிடலாமா?

வேண்டாம். இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏனென்றால் இந்த ஒரு பிழைக்குள் பாதிப் பாடம் இருக்கிறது.

ஃபைலுக்கு ஓனர், குரூப், பெர்மிஷன் தவிர எஸ்இலினக்ஸ் ஒட்டும் ஒரு லேபிளும் உண்டு. ஹோம் டைரக்டரியில் உருவான ஃபைலுக்கு யூசர் ஹோம் என்ற வகை லேபிள் விழும். காப்பி செய்திருந்தால் வெப் டைரக்டரியில் புது ஃபைல் உருவாகி அந்த இடத்துக்கு உரிய லேபிளை வாங்கியிருக்கும். நீங்கள் மூவ் செய்ததால் பழைய லேபிளும் கூடவே வந்துவிட்டது. இப்போது அபாச்சி படிக்க வரும்போது, ஒரு வெப் சர்வருக்கு யாரோ ஒருவரின் ஹோம் ஃபைலில் என்ன வேலை என்று சிஸ்டத்தின் மையமான கர்னல் மறுக்கிறது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, 777 அல்ல, என்ன கொடுத்தாலும் அசையாது.

எல்எஸ் கட்டளைக்குக் கேபிட்டல் இசட் சேர்த்து அடித்தால் லேபிள் கண்ணுக்குத் தெரியும். பக்கத்தில் சரியாக ஓடுகிற ஒரு ஃபைலையும் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் அங்கேயே இருக்கும். அப்புறம் ரீஸ்டோர்கான் கட்டளையை அந்த ஃபைல் மேல் ஓட்டுங்கள், லேபிள் சரியாகிவிடும். ஆடிட் லாகில் மறுப்பு பதிவாகியிருக்கும், அதையும் ஒருமுறை படித்துவிடுங்கள், அடுத்த தடவை நேராக அங்கே போகலாம்.

பிரச்சினை எஸ்இலினக்ஸால்தானா என்று தெரிந்துகொள்ள அதைச் சில நிமிடம் பெர்மிஸிவில் (தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலையில்) வைத்துப் பார்ப்பது தப்பில்லை. பார்த்தவுடன் மறக்காமல் என்ஃபோர்ஸிங்குக்கு (தடுக்கும் நிலைக்கு) திருப்புங்கள், 777-ஐயும் 644 ஆக்குங்கள். எதனால் சரியானது என்று தெரியாமல் ஒரு சர்வர் ஓடுகிறது என்றால், அது அடுத்து எப்போது நிற்கும் என்றும் உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: டிஸ்க் எவ்வளவு நிரம்பியது என்று காட்டும் டிஎஃப் கட்டளை 100% என்கிறது, ஃபைல்களின் அளவைச் சொல்லும் டியூ போட்டுக் கூட்டினால் பாதிகூட வரவில்லை. எது பொய்?

இரண்டும் உண்மைதான். பெரிய லாக் ஃபைல் ஒன்றை யாரோ டெலீட் செய்திருப்பார்கள், ஆனால் அதை எழுதிக்கொண்டிருக்கும் புராசஸ் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. பெயர் போய்விட்டதால் டியூவுக்குத் தெரியாது, இடம் இன்னும் விடுபடாததால் டிஎஃப் கணக்கில் இருக்கிறது. திறந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் ஓட்டி டெலீட்டட் என்று காட்டும் வரிகளைத் தேடுங்கள், அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பிவிடும். இதற்கு நேர்மாறாக, இடம் இருக்கிறது என்று டிஎஃப் சொல்லியும் ஃபைல் எழுத முடியவில்லை என்றால் ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்திருக்கலாம், டிஎஃப் மைனஸ் ஐ அடித்துப் பாருங்கள்.

கேள்வி: பூட் ஆகும்போது எந்த டிஸ்க்குகளை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் புது டிஸ்க்கைச் சேர்த்துவிட்டு ரீபூட் செய்தேன். எமர்ஜென்சி மோடில் நிற்கிறது. எல்லாம் போச்சா அண்ணா?

ஒன்றும் போகவில்லை தம்பி. ரூட் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போ, ரூட் ஃபைல்சிஸ்டம் ரீட் ஒன்லியில் இருந்தால் ரீட் ரைட்டாக ரீமவுண்ட் செய், நீ சேர்த்த வரியைத் திருத்து. பெரும்பாலும் யூயூஐடியில் (டிஸ்க்கின் அடையாள எண்ணில்) ஒரு எழுத்து தவறியிருக்கும். இனி இந்த ஃபைலைத் தொட்டால் ரீபூட்டுக்கு முன்னால் மவுண்ட் மைனஸ் ஏ ஓட்டிப் பார், தப்பு இருந்தால் அங்கேயே சொல்லிவிடும்.

கேள்வி: விண்டோஸ் கிளையன்ட் (யூசரின் கம்ப்யூட்டர்) ஆக்டிவ் டைரக்டரி டொமைனில் சேர மாட்டேன் என்கிறது. டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரின் ஐபிக்கு பிங் போகிறது.

பெயரைக் கொடுத்தால் முகவரி சொல்லும் டிஎன்எஸ்தான் காரணம். கிளையன்டின் டிஎன்எஸ் முகவரியில் உங்கள் ரவுட்டரின் ஐபி இருக்கும், அதை டொமைன் கன்ட்ரோலரின் ஐபிக்கு மாற்றுங்கள். டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பதையே கிளையன்ட் டிஎன்எஸ்ஸைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறது, ரவுட்டருக்கு அந்த விவரம் தெரியாது.

சேர்ந்த பிறகு ஒருநாள் லாகின் திடீரென்று மறுத்தால் கடிகாரத்தைப் பாருங்கள். லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் 5 நிமிட வித்தியாசத்துக்கு மேல் இயல்பாக ஏற்காது. விஎம்மை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு மறுநாள் எழுப்புகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

கேள்வி: ஏஐயிடம் கேட்டால் கட்டளை வந்துவிடுகிறது. எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும்?

மனப்பாடம் வேண்டாம்தான். வந்த கட்டளையின் ஒவ்வொரு ஆப்ஷனையும் மேன் பேஜில் (சிஸ்டத்திலேயே இருக்கும் கையேட்டில்) தேடிப் படித்துவிட்டு விஎம்மில் ஓட்டுங்கள். சூடோவோடு (அட்மின் அதிகாரத்தோடு ஓட்டுவது) ஆரம்பிக்கும் எதையும் புரியாமல் ஒட்டாதீர்கள். ராத்திரி நெட்வொர்க்கே விழுந்து கன்சோல் மட்டும் கையில் இருக்கும்போது துணைக்கு இருப்பது மேன் பேஜ்தான்.

கேள்வி: எந்த சர்டிஃபிகேட் எடுக்கலாம்? லேபில் இன்னும் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் வைத்திருக்கிறார்கள், பரவாயில்லையா?

அடிப்படைக் கட்டளைகள் பழக அது பரவாயில்லை. ஆனால் சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-உடன் அப்டேட் நின்றுவிட்டது, 8 அதற்கு முன்பே 2021 டிசம்பர் 31-இல் முடிந்தது. வீட்டில் அல்மாலினக்ஸ் அல்லது ராக்கி போட்டுக்கொள்ளுங்கள்.

சர்டிஃபிகேட்டில் என் ஓட்டு ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏவுக்கு. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற கேள்வியே கிடையாது, மெஷினைக் கொடுத்து வேலையைச் செய்து காட்டச் சொல்வார்கள், 300-க்கு 210 வேண்டும். நீங்கள் செய்தது ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும். சர்வீஸை ஸ்டார்ட் செய்துவிட்டு எனேபிள் செய்ய (பூட் ஆகும்போதே தானாகத் தொடங்கவைக்க) மறந்தால் அந்த மதிப்பெண் போய்விடும். எல்பிஐசி-1 எடுப்பதானால் இரண்டு தேர்வு எழுத வேண்டும், அது எந்த நிறுவனத்தின் லினக்ஸையும் சாராதது.

கேள்வி: ஆங்கிலம் தடுமாறுகிறது.

எர்ரர் மெசேஜில் திரும்பத் திரும்ப வருவது ஒரு சின்னக் கூட்டம் வார்த்தைகள்தான். டினைட், ரெஃப்யூஸ்ட், டைம்ட் அவுட், நாட் ஃபவுண்ட். ரெஃப்யூஸ்ட் என்றால் பெரும்பாலும் அந்த மெஷின் வரை போய்விட்டீர்கள், கதவைத் திறக்கத்தான் அங்கே சர்வீஸ் இல்லை. டைம்ட் அவுட் என்றால் பதிலே வரவில்லை, ஃபயர்வாலையும் வழியையும் பாருங்கள். இப்படிப் பொருளோடு பழகினால் பயம் போய்விடும்.

கேள்வி: அனுபவம் இல்லாதவருக்கு இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்?

முதல் வேலை பெரும்பாலும் ஹெல்ப் டெஸ்க்காக இருக்கும், தயங்காமல் போங்கள். கேள்விகளில் எனக்குப் பிடித்ததும் நான் கேட்பதும் ஒன்று: சர்வர் மெதுவாக இருக்கிறது என்று ஃபோன் வருகிறது, முதலில் என்ன செய்வீர்கள்?

ரீபூட் என்று ஆரம்பிக்காதீர்கள், தடயமெல்லாம் அழிந்துவிடும். எப்போதிலிருந்து, யாருக்கெல்லாம், அதற்கு முன் என்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள். உள்ளே போனதும் அப்டைம் அடித்து லோட் ஆவரேஜை (ஓடும், காத்திருக்கும் புராசஸ்களின் சராசரி எண்ணிக்கையை) பாருங்கள், அதை சிபியு கோர் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். லோட் அதிகம், ஆனால் சிபியு சும்மா இருக்கிறது என்றால் குழம்ப வேண்டாம். லினக்ஸ் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் புராசஸையும் லோடில் சேர்த்துக் கணக்கிடும், அதனால் சந்தேகம் டிஸ்க் பக்கமோ நெட்வொர்க் ஸ்டோரேஜ் பக்கமோ போக வேண்டும். டாப் கட்டளையில் டபிள்யூஏ (டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம்) என்ற எண் ஏறியிருக்கும். அப்புறம் மெமரி, ஸ்வாப், டிஸ்க் இடம், கடைசி ஒரு மணி நேரத்து லாக். இந்த வரிசையை உங்கள் விஎம்மில் வேண்டுமென்றே டிஸ்க்கைத் திணறவைத்து நாலு தடவை செய்துவிட்டுப் போங்கள், கேட்கிறவருக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.