பேரனுக்கும் வேண்டாம், தாத்தாவுக்கும் வேண்டாம்

கேள்வி: தேனில் ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்திருக்கிறது, இதயத்துக்கு நல்லது, புற்றுநோய் வராது என்றெல்லாம் படித்துவிட்டு, சர்க்கரை நோயுள்ள என் கணவர் காலையில் இரண்டு டீஸ்பூன், இரவில் இரண்டு டீஸ்பூன் மார்த்தாண்டம் தேன் சாப்பிடுகிறார். இது சரியா? பேரன் பிறந்து இருபது நாள் ஆகிறது. சேனை வைக்க நாக்கில் தேன் தொட்டு வைக்கப் போனால், டாக்டர் கூடாதென்றார் என்று மகள் என் கையைத் தட்டிவிடுகிறாள். மூன்று பிள்ளைகளுக்கும் நாங்கள் அப்படித்தானே வைத்து வளர்த்தோம்?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: முதலில் பேரன். உங்கள் மகள் செய்ததுதான் சரி, அம்மா. ஒரு வயது நிறையும்வரை அந்தப் பிள்ளையின் நாக்கில் ஒரு சொட்டுத் தேன்கூடப் படக் கூடாது.

மண்ணிலும் தூசியிலும் கிடக்கும் குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் தேனில் கலந்திருக்கலாம். தேனுக்குள் அவை வளர்வதில்லை, சாவதும் இல்லை. நம் குடலில் குடியிருக்கும் மற்ற நுண்ணுயிர்கள் அவற்றை முளைக்க விடாது. பச்சைப்பிள்ளையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. அங்கே முளைத்து நஞ்சைக் கக்கும். முதலில் மலச்சிக்கல் வரும். பிறகு பால் உறிஞ்ச வலுவிருக்காது, அழுகைச் சத்தம் மெலியும், உடம்பு துவளும். முற்றினால் மூச்சுவிடும் தசைகளே ஓய்ந்துபோகலாம். அடுப்பில் சுடவைத்துக் கொடுத்தாலும் வித்துகள் அழியாது. கொம்புத்தேன், மலைத்தேன், கண்ணெதிரே எடுத்த தேன், எதுவும் விலக்கில்லை. இது அபூர்வமான நோய். அதனால் உங்கள் மூன்று பிள்ளைகளும் தப்பினார்கள். என் நாக்கிலும் தாய்மாமன் தொட்டு வைத்ததாக அம்மா சொல்வார், நானும் தப்பியவன்தான். தப்பியதை வைத்து நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். முறை விட்டுப்போகிறதே என்று வருத்தமாக இருந்தால், சேனை வைக்க வந்தவர் பிள்ளையை மடியில் வாங்கிக் கொஞ்சிவிட்டுப் போகட்டும்.

இனி உங்கள் வீட்டுக்காரர். ஆன்டிஆக்சிடன்ட், அதாவது உடம்பின் செல்களைச் சிதைக்கும் வேதிப்பொருள்களை அடக்கும் பொருள், தேனில் இருப்பது பொய்யில்லை. செடிகள் தம்மைக் காத்துக்கொள்ளச் செய்துகொள்ளும் பீனால், ஃபிளேவனாய்டு வகைப் பொருள்கள் பூந்தேனோடும் மகரந்தத்தோடும் அடைக்குள் வந்து சேர்கின்றன. பொதுவாகத் தேன் கறுக்கக் கறுக்க இவை கூடும். ஆனால் எவ்வளவு என்று யாரும் கணக்குச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். நல்ல கருந்தேனில்கூடக் கிலோவுக்குச் சுமார் ஒரு கிராம். வெளிர்தேனில் அதற்கும் வெகு குறைவு. ஒரு டீஸ்பூன் தேன் ஏழு கிராம். அப்படியானால் அதில் ஏழு மில்லிகிராம் இருந்தாலே பெரிது. நீங்கள் காலையில் போடும் ஒரு குவளைத் தேநீரில் அதே வகைப் பொருள்கள் நூறு மில்லிகிராமுக்கு மேல் இருக்கும்!

தேன் சாப்பிட்டவர்கள் ரத்தத்தில் ஆன்டிஆக்சிடன்ட் ஆற்றல் கூடியதாக 2003இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது உண்மை. எவ்வளவு கொடுத்தார்கள் தெரியுமா? உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரை கிராம் வீதம். அறுபது கிலோ எடையுள்ளவருக்குத் தொண்ணூறு கிராம், பதின்மூன்று டீஸ்பூன்! அதுவும் பக்வீட் என்ற தானியப் பூவிலிருந்து வரும் கருந்தேன். புற்றுநோய்ப் பேச்சோ சோதனைக் குழாயையும் எலியையும் தாண்டி மனிதர்களிடம் நிரூபணமாகவில்லை.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் தேனெடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ரப்பர் மரத்தில் தேன் சுரப்பது பூவில் அல்ல. புதுத் தளிர் விடும் பருவத்தில் இலைக்காம்பு மூன்றாகப் பிரியும் முடிச்சில் துளித்துளியாக ஊறும். பெட்டியிலிருந்து சட்டத்தை உருவி, மெழுகு மூடியைக் கத்தியால் சீவி, டிரம்முக்குள் வைத்துக் கையால் சுற்றினார் அந்த மனிதர். சுவரில் தெறித்து வழிந்தது வெளிர்மஞ்சள் தேன். விரலில் தொட்டு நக்கிய அந்த ருசி இன்னும் நினைவிருக்கிறது. அது நல்ல உணவு, நேர்மையான உழைப்பு. ஆனால் அதில் நூற்றுக்கு எண்பது பங்கு சர்க்கரை; மீதியில் பெரும்பகுதி தண்ணீர்.

நாளைக்கு நான்கு டீஸ்பூன் என்றால் இருபத்தெட்டு கிராம் தேன், அதாவது இருபத்திரண்டு கிராமுக்கு மேல் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் தேனையும் சேர்த்தே கணக்கிட்டு, இருபத்தைந்து கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது. அதுவும் நோயில்லாதவருக்கு. சர்க்கரை நோயாளி ஆன்டிஆக்சிடன்ட் என்ற பெயரில் இதைச் சாப்பிடுவது எனக்குப் பதைப்பாக இருக்கிறது. நெல்லிக்காயும் முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் உங்கள் ஊர்ச் சந்தையில் கிடைக்காதவையா? சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். தேன் சாப்பிடுவதை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். காலில் புண் இருந்தால் பாட்டில் தேனைத் தடவவும் கூடாது. புண்ணுக்குத் தேன் பயன்படுவது உண்மைதான். அதன் அடர்ந்த சர்க்கரை கிருமியிடமிருந்து நீரை உறிஞ்சும், நீர்பட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். ஆனால் மருத்துவமனையில் இடுவது காமா கதிரால் கிருமி நீக்கிய தேன்.

போதாக்குறைக்குக் கலப்படம். 2020இல் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் என்ற ஆய்வு அமைப்பு பாட்டில் தேன்களைச் சோதித்தது. 22 மாதிரிகளில் ஐந்துதான் எல்லாச் சோதனைகளிலும் தேறின. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, திரியில் தொட்டுக் கொளுத்துவது எல்லாம் இந்த ஏமாற்றைக் காட்டித் தராது. தேனீ வளர்ப்பவரிடமே நேரில் வாங்க முடிகிற ஊரில் நீங்கள் இருக்கிறீர்கள்.

இருக்கிற பாட்டிலைக் கொட்டிவிடாதீர்கள். சளியும் இருமலும் வந்தால் தேன் நன்றாகக் கேட்கும்; இங்கிலாந்தின் அரசு மருத்துவ வழிகாட்டுதலே 2019இல் சாதாரண இருமலுக்குத் தேனைச் சொன்னது. படுக்கப் போகும்முன் ஒரு டீஸ்பூன் உங்களுக்கும் மகளுக்கும் ஆகும். பேரனுக்கு முதல் பிறந்தநாள் வரும்வரை அந்தப் பாட்டிலை மேல்தட்டில் ஏற்றி வையுங்கள். பிள்ளையைப் பார்க்க வருகிறவர்களிடமும் இதை நீங்களே சொல்லிவிடுங்கள். மகள் ஒவ்வொருவர் கையாகத் தட்டிவிட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.