ஆர்5868: கியூவா, எஸ்ஸா?

இரண்டும் ஒரே லங்காஸ்டர்தான்: ஆர்5868 என்ற வரிசை எண் கொண்ட, இரண்டாம் உலகப்போர் கால பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம். உங்கள் தாத்தாவின் 1942-ஆம் ஆண்டுப் பறப்புக் குறிப்பேட்டில் அதன் அடையாள எழுத்து ‘கியூ’, லண்டனிலுள்ள பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் ‘எஸ்’ என்று இருப்பதால் குழம்ப வேண்டாம்.

83-ஆம் படைப்பிரிவில் அதன் எழுத்து கியூ. 1943 செப்டம்பரில் ஆஸ்திரேலியர்களின் 467-ஆம் படைப்பிரிவுக்குப் போன பிறகுதான் எஸ். எழுத்தைக் கொடுப்பது படைப்பிரிவு. வரிசை எண் மாறாது.

உங்கள் தாத்தா பறந்த தேதிகளை வைத்து, பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏஐஆர் 27 தொகுப்பில் (படைப்பிரிவுகளின் செயல்பாட்டுப் பதிவேடுகள்) படிவம் 541-ஐப் பாருங்கள். அந்த இரவு எந்த எண்ணுள்ள விமானம், அதன் குழுவின் ஏழு பேர் யார் யார் என்று வரிவரியாக இருக்கும்.

எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு விமானம் திரும்பி வராவிட்டால் அதே எழுத்து அடுத்ததற்குப் போய்விடும். அப்புறம், ஆர்5868-இன் மூக்கில் தாக்குதலுக்கு ஒன்றாக வரிசை வரிசையாகத் தீட்டிய குண்டுக் குறிகள் ஒரே குழுவுடையவை அல்ல. ஒரு குழுவின் முதல் பணிச்சுற்று வழக்கமாக 30 தாக்குதல்கள்தான். அதை முடிக்காமல் போனவர்களே அதிகம்.