பயிற்சி விமானமும் பயணிகள் விமானமும் ஒரே வானில் பறந்தால் மோதிக்கொள்ளாதா?

கேள்வி கேட்டவர் அப்துல்லாபுரத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறாராம். வேலூர் விமான நிலையம் திறந்தபின் பயணிகள் விமானமும், பயிற்சி மாணவர்கள் ஓட்டும் குட்டி விமானங்களும் ஒரே நேரத்தில் தலைக்கு மேல் சுற்றினால் மோதிக்கொள்ளாதா, யார் அதைப் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறார்.

பார்த்துக்கொள்ளும் வேலையில்தான் முப்பத்தோரு ஆண்டுகள் இருந்தேன். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். பெரும்பாலும் சிறிய நிலையங்கள். நாளைக்கு நான்கைந்து பயணிகள் விமானம், மீதி நேரமெல்லாம் பயிற்சிப் பள்ளியின் செஸ்னாக்கள். இப்போது ஓய்வுபெற்றுக் காட்பாடியில் இருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்துல்லாபுரத்து ஓடுபாதை சிறியது. சிறிய ஊர்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் அங்கே வரப்போவதாகப் பேசப்படுவது இருபது பேருக்குள் அமரும் சிறிய விமானம். ஏர்பஸ் 320 வந்து உங்கள் தண்ணீர்த் தொட்டியை உரசிக்கொண்டு இறங்கும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் கேள்வி நியாயமானது. பத்தொன்பது பேர் அமரும் விமானமும் இரண்டு பேர் அமரும் விமானமும் ஒரே ஓடுபாதைக்கு வந்தாலும் சிக்கல் அதேதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. காட்பாடி ஜங்ஷனில் ரயில் எப்படி ஓடுகிறது? பிளாக் என்னும் ஒரு தண்டவாளத் துண்டில் ஒரு வண்டி. அது வெளியேறிவிட்டது என்று உறுதியாகாமல் அடுத்த வண்டிக்கு சிக்னல் விழாது. ஓட்டுநர் முன்னால் போகும் வண்டியைக் கண்ணால் பார்க்க வேண்டியதே இல்லை. பயணிகள் விமானம் பறப்பது இப்படி. கருவிகளை நம்பி, கட்டுப்பாட்டாளர் கொடுத்த உயரத்தில், கொடுத்த பாதையில். இதை ஐ.எஃப்.ஆர். என்போம். அப்படிப் பறக்கும் இரண்டு விமானங்களுக்கு நடுவே இடைவெளி விடுவது எங்கள் பொறுப்பு. உயரத்தில் என்றால் 1,000 அடி.

இப்போது அங்கிருந்து வேலூர் பக்கம் வந்து கிரீன் சர்க்கிளில் நில்லுங்கள். பஸ், ஆட்டோ, லாரி, எதிர்த்திசையில் வரும் பைக். அங்கே பிளாக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒவ்வொருவரும் பார்த்துப் போக வேண்டும். சிறிய விமானங்கள் பெரும்பாலும் இந்த முறையில் பறக்கின்றன. வி.எஃப்.ஆர்., அதாவது பார்வை விதி. வெளியே பார், மேகத்திலிருந்து விலகியிரு, இன்னொருவன் வந்தால் நீயே ஒதுங்கு. அதற்காகத்தான் குறைந்தது 5 கிலோமீட்டராவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று விதி. நம் நாட்டில் பொழுது சாய்ந்தபின் இதில் பறக்கவும் முடியாது.

ஒரு பிராந்திய விமான நிலையத்தின் வானம் என்பது காட்பாடி ஜங்ஷனையும் கிரீன் சர்க்கிளையும் ஒரே இடத்தில் வைத்தது மாதிரி. உங்கள் கேள்வியின் சாரம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நிலையத்திலிருந்து தள்ளிப் போனால் உயரமே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். வேலூரிலிருந்து சென்னைப் பக்கம் போகிறவர் ஒற்றைப்படை ஆயிரம், பெங்களூருப் பக்கம் போகிறவர் இரட்டைப்படை ஆயிரம். பார்வை விதிக்காரர் அதனுடன் ஒரு 500 சேர்த்துக்கொள்வார். ஆகவே கிழக்கே போகும் செஸ்னா 3,500 அடி, மேற்கே போவது 4,500 அடி. எதிரெதிரே வருகிறவர்கள் ஒரே தளத்தில் சந்திக்கவே மாட்டார்கள். இதைக் கண்டுபிடித்தவரைக் கோயில் கட்டிக் கும்பிடலாம்.

தொல்லை, எல்லாரும் கீழே இறங்கி ஒரே ஓடுபாதைக்கு வரும்போது. செஸ்னா 172 இறங்க வரும் வேகம் மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர். வாலாஜா சுங்கச்சாவடியைத் தாண்டிய ஆம்னி பஸ்ஸைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இரட்டை இன்ஜின் நடுத்தரப் பயணிகள் விமானமான ஏடிஆர் 200-க்கு மேல். இப்போது என் அன்றாடக் கணக்கைப் பாருங்கள். செஸ்னா மூன்று கடல் மைல் தொலைவில். தரையைத் தொட இரண்டே முக்கால் நிமிடம். சிறிய நிலையங்களில் ஓடுபாதைக்குப் பக்கத்தில் தனி வழி இருக்காது. இறங்கியவர் அதே ஓடுபாதையில் திரும்பி ஊர்ந்து வந்துதான் வெளியேற வேண்டும். அதற்கு இரண்டு நிமிடம். ஆக, ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஏடிஆர் பத்து மைல் தொலைவில் இருக்கிறது என்று வையுங்கள். அது நாலரை நிமிடத்தில் வந்துவிடும். அந்தப் பதினைந்து விநாடிதான் என் சம்பளம்.

அதனால் மாணவரை முன்கூட்டியே ஒரு வட்டம் அடிக்கச் சொல்வோம், அல்லது ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் டவுன்விண்டை நீட்டச் சொல்வோம். பெரியதன் பின்னால் சின்னது வந்தால் மூன்று நிமிடம் விட வேண்டும். பெரிய விமானத்தின் இறக்கை முனைகளிலிருந்து சுழற்காற்று இரண்டு கிளம்பி மெல்லக் கீழிறங்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆயிரத்து நூறு கிலோ எடையுள்ள செஸ்னாவை அது குப்புறப் புரட்டிவிடும்.

எங்கள் மேசையில் விரல் இரண்டு அகலமுள்ள பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு விமானத்தின் பெயர், உயரம், நேரம் எழுதிய காகிதப் பட்டை. ஓடுபாதையில் ஒருவரை விட்டுவிட்டால் அவர் பட்டையை ஓடுபாதைக்கான இடத்தில் குறுக்கே வைத்துவிட வேண்டும். அடுத்தவருக்கு அனுமதி சொல்லக் கை அங்கே போகும்போது அந்தச் சட்டம் விரலில் தட்டும். நினைவை நம்பாதே என்று சொல்லித்தந்த மூத்தவர் ஒருவர், டீ வாங்கப் போகும்போதும் பட்டையைத் தொட்டுவிட்டுத்தான் போவார். அப்போது சிரிப்போம்.

கண்ணையும் நம்பக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஒரு மே மாத மதியம். எந்த ஊர் என்பது வேண்டாம். வெயிலும் புழுதியும் சேர்ந்து வானம் பழைய வேட்டி நிறத்தில் இருந்தது. டவுன்விண்டில் ஒரு மாணவி, தனியாகப் பறக்கும் மூன்றாவது நாள். ஏடிஆர் ஒன்று ஏழு மைல் தொலைவில், ஓடுபாதைக்கு நேரான கடைசிப் பாதையில், எங்கள் மொழியில் ஃபைனலில், வந்துகொண்டிருந்தது. “நீங்கள் இரண்டாவது. ஏடிஆர் ஏழு மைல் ஃபைனலில். தெரிந்ததும் சொல்லுங்கள்” என்றேன். உடனே பதில் வந்தது: “டிராஃபிக் இன் சைட்.” பார்த்துவிட்டேன் என்று பொருள். “அதைப் பின்தொடருங்கள்” என்று சொல்லிவிட்டு, தொலைபேசியில் வானிலைக்காரருக்கு ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தபோது செஸ்னா இடப்பக்கம் திரும்பி, ஓடுபாதைக் கோட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஏடிஆர் இன்னும் நான்கு மைலில். அவர் பார்த்தது ஏடிஆரே இல்லை. அவருடைய பள்ளியின் இன்னொரு செஸ்னா தரையைத் தொட்டு மறுபடி எழும்பப் பயிற்சி செய்துகொண்டிருந்தது. ஃபைனலில் ஒரு விமானம் கண்ணில் பட்டது, அதுதான் என்று எடுத்துக்கொண்டார். அது கடந்து போய்விட்டது, இனி நம் முறை என்று திரும்பிவிட்டார். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே ஒரு விமானத்தைப் பார்த்தார்.

“உடனே வலப்பக்கம் திரும்புங்கள், உடனே” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கேள்வி கேட்காமல் திரும்பினார். அதற்கு அவர் ஆசிரியருக்கு நன்றி. ஏடிஆரை இறங்காமல் மேலே போகச் சொன்னேன். கேப்டன் பிறகு எங்கள் அறைக்கு வந்து, தன் திரையில் மோதல் எச்சரிக்கையாக மஞ்சள் வட்டம் எரிந்ததை மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறிக்கையில் மாணவியின் தவறு என்று ஒரு வரி வந்தது. தவறு என்னுடையது. எதைப் பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

பிறகுதான் 1978 செப்டம்பர் 25-ஆம் நாள் அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்ததை ஊன்றிப் படித்தேன். இறங்க வந்துகொண்டிருந்த போயிங் 727. முன்னால், கீழே, பயிற்சியில் இருந்த ஒரு செஸ்னா 172. கட்டுப்பாட்டாளர் எச்சரித்தார், போயிங் விமானிகள் பார்த்துவிட்டோம் என்றார்கள். பார்வையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். நடுவில் அவர்கள் அதைத் தவறவிட்டார்கள். கடந்து போயிருக்கும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். தவறவிட்டோம் என்பது கட்டுப்பாட்டாளருக்கு விளங்கும்படி சொல்லப்படவில்லை. தெளிந்த வானம், காலை வெயில். 144 பேர் இறந்தார்கள், தரையில் இருந்த ஏழு பேரையும் சேர்த்து.

கண் ஏன் ஏமாற்றுகிறது தெரியுமா? கண்ணாடியில் குறுக்கே நகரும் விமானம் உங்கள்மீது மோதாது. நகர்வதால்தான் கண்ணிலும் படுகிறது. மோதப் போகிற விமானம் நகராது. கண்ணாடியில் அப்பிய பூச்சி மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். கடைசி விநாடிகளில்தான் திடீரென்று பெருகும். கண்ணில் பட்டு, என்னவென்று புரிந்து, கைகால் இயங்கி, விமானம் திரும்புவதற்கு 12.5 விநாடி வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்குக் கணக்குச் சொல்லியிருக்கிறது. எதிரெதிரே வரும் செஸ்னாவும் ஏடிஆரும் விநாடிக்கு நூறு மீட்டர் நெருங்கினால், அது ஒன்றேகால் கிலோமீட்டர். அந்தத் தொலைவில் செஸ்னாவின் பதினோரு மீட்டர் இறக்கை முழுநிலாவின் அகலம்தான் இருக்கும். உருண்டை நிலா இல்லை, ஒரு கோடு.

பயணிகள் விமானத்தில் மோதல் தவிர்ப்புக் கருவி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1996 நவம்பர் 12-இல் ஹரியாணாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவுதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தபின்தான் நம் நாட்டில் அது கட்டாயமானது. அன்று தில்லி ரேடாரில் விமானங்களின் உயரம் தெரியாது. 15,000 அடியில் நிற்க வேண்டியது அதற்கும் கீழே இறங்கியதைக் கட்டுப்பாட்டாளரால் காண முடியவில்லை. இந்தக் கருவி மற்ற விமானத்தில் தானாகப் பதில் சொல்லும் ரேடியோப் பெட்டியான டிரான்ஸ்பாண்டரைக் கேள்வி கேட்டு, வரும் பதிலை வைத்து ஏறு அல்லது இறங்கு என்று சொல்லும். கட்டுப்பாட்டாளர் ஒன்றும் கருவி வேறொன்றும் சொன்னால் கருவியைத்தான் கேட்க வேண்டும். 2002-இல் ஜெர்மனியின் ஊபர்லிங்கனில் அதற்கு மாறாக நடந்து 71 பேர் இறந்தார்கள். ஆனால் டிரான்ஸ்பாண்டர் இல்லாத, அல்லது அதைப் போட மறந்த குட்டி விமானம் அந்தக் கருவிக்குக் கண்ணில் படாது. சுமார் 1,000 அடிக்குக் கீழே வந்துவிட்டால் கருவி கட்டளை இடுவதை நிறுத்திவிடும். செஸ்னாக்கள் நிலையத்தைச் சுற்றுவதும் ஏறக்குறைய அதே 1,000 அடியில்தான்! உங்கள் வீட்டுக்கு மேலே எது தேவையோ, அங்கே அது அரைகுறை.

ஆகவே அங்கே பாதுகாப்பு என்பது ஒரே அலைவரிசையில் ஒருவருக்கொருவர் சொல்லும் சொல்லும், அதைத் திருப்பிச் சொல்லவைத்துச் சரிபார்ப்பதும்தான். டி வகை என்று வகுக்கப்பட்ட வானில் பயணிகள் விமானத்துக்கும் பார்வை விதி விமானத்துக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும் என்று விதிகூட இல்லை; ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தகவல் கொடுத்தால் போதும். படித்த முதல் நாள் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நல்ல கட்டுப்பாட்டாளர் அதோடு நிற்க மாட்டார். அந்த மே மாதத்துக்குப் பிறகு யாராவது ‘இன் சைட்’ என்றால் நான் விடவில்லை. எந்தப் பக்கம்? மேலா கீழா? எத்தனை இன்ஜின்? பள்ளியில் என்னைப் ‘போலீஸ் ஸ்டேஷன்’ என்று அழைத்ததாகக் கேள்வி.

பெரிதும் சிறிதும் கலந்து பறப்பது நம் பக்கத்துக்குப் புதிதும் அல்ல. அரக்கோணத்துக் கடற்படைத் தளமான ராஜாளி 1992 முதல் இருக்கிறது. ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் கடலைக் கண்காணிக்கும் பெரிய ஜெட் விமானங்களும் ஒரே தளத்தில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது பயணிகள் விமானங்களே அங்கே வந்து இறங்கின.

எனக்கு இப்போது கவலை தருவது பயிற்சி விமானம் இல்லை, கல்யாண மண்டப ட்ரோன். செஸ்னாக்காரனிடம் ரேடியோ இருக்கிறது, கூப்பிடலாம். சத்துவாச்சாரியில் மாப்பிள்ளை அழைப்பைப் படம்பிடிக்கும் தம்பியை எந்த அலைவரிசையில் கூப்பிடுவது? நிலையம் இயங்கத் தொடங்கினால், சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரைகூட 200 அடிக்கு மேல் ட்ரோன் பறக்க அனுமதி வாங்க வேண்டும். நெருங்க நெருங்க இன்னும் கடுமை. உங்கள் புதுமனை புகுவிழாவுக்கு ட்ரோன் சொல்லியிருந்தால் இதைக் கவனியுங்கள்.

மற்றபடி வீட்டைக் கட்டுங்கள். சத்தம் இருக்கும். அதைப் பற்றிக் கேட்காமல் விட்டீர்களே என்று ஆச்சரியம்.

எனக்கு இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. போன வாரம் மொட்டைமாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. காக்கை விரட்ட நான். பக்கத்து வீட்டுப் பையன் மேலே கைநீட்டி, “தாத்தா, பிளேன் பார்த்துவிட்டேன்!” என்றான். “எந்தப் பக்கம்? எத்தனை இன்ஜின்?” என்றேன். துணி உலர்த்திக்கொண்டிருந்த அவன் அம்மா திரும்பிப் பார்த்து, “மாமா, அவன் இன்னும் யு.கே.ஜி.தான்” என்றாள்.