வாசகர் கேள்வி – பதில்: ஃபார்முலா 1 ஹைபிரிட் எஞ்சின்

கேள்வி: ஃபார்முலா 1 கார்களில் 2013 வரை 2.4 லிட்டர் எஞ்சின் இருந்தது. 2014 முதல் 1.6 லிட்டர்தான். எஞ்சின் சிறுத்தும் திறன் குறையாதது எப்படி?

பதில்: கொள்ளளவு மாற்றத்தைவிட முக்கியமான விதியொன்று அதே ஆண்டில் வந்தது. எஞ்சினுக்குள் பாயும் எரிபொருள், மணிக்கு 100 கிலோ என்ற அளவை எந்தக் கணத்திலும் தாண்டக் கூடாது என்பதே அது. பழைய எட்டு சிலிண்டர் எஞ்சின்கள் நிமிடத்துக்கு 18,000 முறை சுழன்று திறனைப் பெற்றன. புதிய விதியின்கீழ் அப்படிச் சுழற்றினால் உராய்வு கூடுமே தவிர, எரிப்பதற்குக் கூடுதலாக ஒரு சொட்டும் கிடைக்காது. ஆகவே, கிடைக்கும் எரிபொருளை வீணாக்காமல் பயன்படுத்துவதே பொறியாளர்களின் போட்டியாயிற்று. மணிக்கு 100 கிலோ பெட்ரோல் தரும் ஆற்றல் ஏறத்தாழ 1,200 கிலோவாட்; அதில் பாதி கைக்கு வந்தாலே 800 குதிரைத்திறன் கிடைத்துவிடும்.

இதற்குத் துணைநின்றவை இரண்டு மின் எந்திரங்கள். ஒன்று, பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் சேமித்து, பிறகு 120 கிலோவாட் வரை சக்கரங்களுக்குத் தருவது. மற்றொன்று, டர்போவின் (வெளியேறும் வாயுவால் டர்பைனைச் சுழற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) தண்டிலேயே பொருத்தப்பட்ட எம்.ஜி.யூ.-ஹெச். எரிந்து வெளியேறும் வாயு டர்பைனைத் தேவைக்கு மேல் சுழற்றும்போது இது அந்த மிகுதியை மின்சாரமாக்கும். ஓட்டுநர் வளைவிலிருந்து வெளிவந்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது, வாயுவுக்குக் காத்திராமல் டர்போவைத் தானே சுழற்றிவிடும். 1977-இல் ரெனோ முதல் டர்போ காரைக் களமிறக்கிய நாள் முதல் ஓட்டுநர்களை வாட்டிய தாமதம் இதனால் மறைந்தது. அந்த விதிகளின்படி பேட்டரியிலிருந்து ஒரு சுற்றுக்கு 4 மெகாஜூல்தான் எடுக்க முடிந்தது. 120 கிலோவாட் மோட்டாருக்கு அது சுமார் 33 விநாடிகளுக்கே போதுமானதாக இருந்தது. ஆனால், எம்.ஜி.யூ.-ஹெச் அந்த மோட்டாருக்கு நேரடியாக அனுப்பிய மின்சாரத்துக்கு உச்சவரம்பு இருக்கவில்லை. இந்தச் சலுகையை யார் நன்றாகப் பயன்படுத்தினார்களோ அவர்களே வென்றார்கள்.

கேள்வி: பழைய எஞ்சின்களின் அந்தப் பெருஞ்சத்தம் எங்கே போயிற்று?

பதில்: டர்பைன் எடுத்துக்கொண்டது. சத்தமாக வெளியேறியதும் ஆற்றல்தானே!

கேள்வி: மெர்சிடிஸ் தொடக்கத்திலேயே முந்தியதற்கும் ஹோண்டா தடுமாறியதற்கும் காரணம் என்ன?

பதில்: இங்கிலாந்தின் பிரிக்ஸ்வொர்த்தில் ஆண்டி கோவெல் தலைமையில் இயங்கிய மெர்சிடிஸ் குழு, டர்போவை இரண்டாகப் பிரித்தது. சூடான டர்பைன் எஞ்சினுக்குப் பின்னாலும், காற்றை அழுத்தும் கம்ப்ரசர் முன்னாலும் அமர, இரண்டையும் இணைக்கும் நீண்ட தண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே ஓடியது. கம்ப்ரசர் வெப்பத்திலிருந்து விலகியதால் காற்றைக் குளிர்விக்கும் ரேடியேட்டரைச் சிறிதாக்க முடிந்தது. காரின் வடிவமைப்பாளர்களுக்கும் அது லாபமே. 2014-இல் நடந்த 19 பந்தயங்களில் 16-ஐ அந்த அணி வென்றது. 2017-இல் அதன் எஞ்சின், சோதனை மேடையில் 50 சதவீத வெப்பத்திறனைக் (எரிபொருளின் ஆற்றலில் பயனாகும் பங்கு) கடந்தது.

2015-இல் திரும்பி வந்த ஹோண்டா, மெக்லாரனின் ஒடுக்கமான காருக்காக எல்லாவற்றையும் சுருக்கியது. டர்போ சிறுத்ததால் எம்.ஜி.யூ.-ஹெச் போதிய மின்சாரம் தரவில்லை. 2017-இல் பிரிக்கப்பட்ட டர்போவுக்கு மாறியபோது வேறு தொல்லை முளைத்தது. நிமிடத்துக்கு 1,25,000 சுற்றுகள் வரை அனுமதிக்கப்பட்ட நீண்ட தண்டில் சிறு அதிர்வும் பேரிங்குகளைத் தின்றுவிடும். இதைத் தீர்க்க அந்நிறுவனத்தின் விமான எஞ்சின் பொறியாளர்கள் உதவிக்கு வந்தார்கள். ஹோண்டா எஞ்சின் பொருத்திய ரெட் புல் காரில் ஓட்டுநர் வெர்ஸ்டாப்பன் 2019-இல் ஆஸ்திரியாவில் பெற்ற வெற்றியையும் 2021-இல் வென்ற பட்டத்தையும் பார்த்தவர்கள், அவற்றுக்குப் பின்னால் இந்தப் பேரிங் போராட்டம் இருந்ததை மறந்துவிடக் கூடாது.

கேள்வி: இவ்வளவு சிறப்பான எம்.ஜி.யூ.-ஹெச் கருவியை 2026 விதிகளில் ஏன் நீக்கினார்கள்?

பதில்: அதன் செலவும் சிக்கலும் புதிதாக வர நினைத்த நிறுவனங்களை அஞ்சவைத்தன. 2022 ஆகஸ்டில் புதிய எஞ்சின் விதிகள் ஏற்கப்பட்ட அதே மாதத்தில் ஜெர்மனியின் ஆடி கார் நிறுவனம் தன் வருகையை அறிவித்ததே இதற்குச் சான்று. ஈடாக, சக்கரங்களை இயக்கும் மின் மோட்டாரின் திறன் 350 கிலோவாட்டாக உயர்த்தப்பட்டது. வணிக நோக்கில் முடிவு சரி. பொறியியல் நோக்கில் இழப்பு என்பதே என் கருத்து. சாலைக் கார்களுக்கு உதவாத கருவி என்ற வாதத்தையும் முழுதாக ஏற்க இயலாது; ஏனெனில், மெர்சிடிஸ்-ஏ.எம்.ஜி. 2022-இல் அறிமுகப்படுத்திய சி 43 காரின் டர்போவுக்குள் டர்பைனுக்கும் கம்ப்ரசருக்கும் இடையே ஒரு சிறு மின் மோட்டார் இருக்கிறது.