கல்லுக்கு மேலே வீடு, கல்லுக்குக் கீழே வயல்: அணை உயரும்போது எதில் கையெழுத்துப் போடலாம், எதில் கூடாது

கேள்வி: நீர்மின் அணைக்கு மேல்பக்கம், ஆறு நீர்த்தேக்கத்துக்குள் வந்து சேரும் இடத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. அணையை உயர்த்தப் போகிறோம் என்று சொல்லி, அளந்து கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் இரண்டரை ஏக்கரில் பாதி கல்லுக்குக் கீழே போகிறது. வீடு கல்லைவிட ஓர் ஆள் உயரம் மேலே இருக்கிறது. "வீட்டுக்கு ஒன்றும் ஆகாது" என்கிறார்கள். நம்பலாமா? என் சார்பில் நடவடிக்கை எடுக்கப் பவர் பத்திரம் எழுதித் தந்தால் இரண்டு பங்கு இழப்பீடு வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் நடையாய் நடக்கிறார். கீழ் வயலை ஏழு வருடமாக வாரத்துக்கு உழுகிறவருக்கு ஏதாவது கிடைக்குமா?

பதில்: பவர் கேட்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் கல்.

இப்படி நடுகிற கல் பெரும்பாலும் முழு நீர்மட்டத்தைக் காட்டும். அதாவது, அணை நிரம்பி, தண்ணீர் அசையாமல் நிற்கும்போது எதுவரை வரும் என்பதை. ஆறு சும்மா இருக்கும்வரை அது சரியான கோடுதான். ஆனால் நீங்கள் இருப்பது ஆறு உள்ளே நுழையும் வாயில். நிறைந்த ஏரியில் வாய்க்கால் வந்து முட்டும்போது, வாய்க்காலுக்குள்ளேயே கொஞ்ச தூரம் தண்ணீர் ஏறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் இங்கேயும். அணை நிரம்பியிருக்கும் நேரத்தில் பெருவெள்ளம் வந்தால், மேல்பக்கத்தில் தண்ணீர் முழு நீர்மட்டத்துக்கும் மேலே ஏறும். இதைப் பின்நீர் மட்டம் என்பார்கள். போதாக்குறைக்கு, ஆறு வேகம் குறைகிற அந்த வாயில்தான் வண்டலைக் கொட்டும். வருடங்கள் போகப் போக ஆற்றுப்படுகை மேடாகும், பின்நீரும் அதோடு உயரும். இன்றைக்கு உங்கள் வீட்டுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள ஆள் உயரம் இருபது வருடம் கழித்தும் போதுமா என்பதை அந்தக் கல் சொல்லாது.

இது வீண் பயம் இல்லை. நர்மதை ஆற்றில், குஜராத்தில் உள்ள சர்தார் சரோவர் அணையை 138.68 மீட்டர் வரை உயர்த்தும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, மத்தியப் பிரதேசத்தில் பின்நீர் மட்டத்தை மறுபடி கணக்கிட்டு, சுமார் 16,000 குடும்பங்களை முழுகும் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். காகிதத்தில் அவர்கள் வீடுகள் மேடாகிவிட்டன. 2023 செப்டம்பர் வெள்ளத்தில், கோட்டுக்கு வெளியே இருந்த வீடுகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது.

அதனால் "வீட்டுக்கு ஒன்றும் ஆகாது" என்று வாயால் சொல்வதை விட்டுவிட்டு எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்வி போதும். இந்தக் கல் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டரில், எந்த நீர்மட்டத்துக்காக நடப்பட்டது? என் சர்வே எண் உள்ள இடத்தில் பின்நீர் மட்டம் எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்துக்கு அதைக் கணக்கிட்டீர்கள்? வண்டல் படிந்த பிறகு அந்த மட்டம் என்னவாகும்? 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இதற்கிடையில் ஒரு தனியார் சர்வேயரை வைத்து, வீட்டுத் தரைமட்டம் எத்தனை மீட்டர் என்று லெவல் எடுத்து வையுங்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் தெரிந்துவிடும். வீடு பின்நீருக்குள் வந்தால், அதையும் எடுப்பில் சேர்க்கச் சொல்லி ஆட்சியருக்கு எழுதுங்கள்.

எழுதுவதற்குக் கெடு உண்டு. 2013 நில எடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் முதல் அறிவிப்பு வந்ததிலிருந்து 60 நாளுக்குள் ஆட்சேபம் போய்ச் சேர வேண்டும். நேரில் கொடுங்கள், நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். "தம்பி, நாங்க பார்த்துக்கிறோம்" என்பது ஒப்புகை ஆகாது.

பாதி நிலம் போவதைப் பற்றி. மீதி ஒன்றேகால் ஏக்கர் உங்களிடமே இருக்கும் என்பதால் அது பாதிக்கப்படவில்லை என்று ஆகாது. கிணறு கீழே போய் வயல் மேலே நின்றாலோ, வண்டிப்பாதை முழுகிப்போனாலோ, துண்டானதால் வந்த நஷ்டத்துக்கும் 28-ஆம் பிரிவில் கணக்கு உண்டு. கேட்காதவருக்கு யாரும் போட்டுத் தர மாட்டார்கள். உரிமை கோரச் சொல்லி நோட்டீஸ் வரும்போது கிணறு, குழாய், மரம், கொட்டகை எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். சந்தை மதிப்போடு 100 சதவீதம் ஆறுதல் தொகை சேரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதில் ஏமாற்று குறைவு.

இனி ஒரு விதிவிலக்கு. மற்ற விதிவிலக்குகளை விட்டுவிடுகிறேன், இதை மட்டும் நீட்டித்தான் சொல்ல வேண்டும். நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும்: யார் யார் எதை இழக்கிறார்கள், இத்தனை நிலம் உண்மையிலேயே தேவைதானா, என்றெல்லாம் ஊரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆனால் 6-ஆம் பிரிவின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. வேறு சட்டப்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவைப்படும் பாசனத் திட்டங்களுக்கு இந்தச் சமூக மதிப்பீடு பொருந்தாது. கவனியுங்கள், அந்த வரி பாசனம் என்கிறது, நீர்மின் என்று சொல்லவில்லை. ஆனால் பல அணைகளில் மின்சாரமும் எடுக்கிறார்கள், பாசனத்துக்கும் விடுகிறார்கள். ஆக, உங்கள் அணையைக் கோப்பில் எந்தப் பெயரில் எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து, ஊருக்கு வந்து கேட்கும் கடமையே போய்விடலாம். மீன், தண்ணீர், காடு பற்றிய சுற்றுச்சூழல் அறிக்கையில் வாரக்காரர் பெயர் எப்படி வரும் என்று இந்த வரியை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இதே பெயர் விளையாட்டு எதிர்ப்பக்கமும் வெட்டும். சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் நிலத்துக்கு நிலம் என்ற பலன் இருக்கிறது. விவசாய நிலம் இழக்கும் குடும்பத்துக்கு, அல்லது அதனால் குறுவிவசாயியாகவோ நிலமற்றவராகவோ ஆகும் குடும்பத்துக்கு, இழப்பீட்டுக்குப் பதிலாகத் திட்டத்தின் பாசனப் பகுதியில் குறைந்தது ஒரு ஏக்கர். இதுவும் பாசனத் திட்டத்துக்கு மட்டும்தான், அதுவும் "இயன்றவரை" என்ற சொல்லோடு. அந்த ஒரு சொல் எத்தனை ஏக்கரை விழுங்கியிருக்கிறது! என்னுடைய யோசனை: முதல் மனுவிலேயே, இது பாசனத் திட்டமா நீர்மின் திட்டமா என்று எழுத்தில் பதில் கேளுங்கள். பாசனம் என்றால் நிலம் கேளுங்கள். நீர்மின் என்றால் சமூக மதிப்பீடு எங்கே என்று கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வழி இருக்கக் கூடாது.

இரண்டு பெயருக்கும் பொதுவான பாதுகாப்பு ஒன்று உண்டு. பாசனமோ நீர்மின்னோ, நிலம் முழுகுவதற்கு ஆறு மாதம் முன்பே மறுவாழ்வு, மறுகுடியமர்வு வேலைகள் முடிந்திருக்க வேண்டும் என்கிறது 38-ஆம் பிரிவு. மதகை மூடும் தேதி தெரிந்தால் ஆறு மாதம் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். அந்த நாளில் புது மனையில் குழாயும் சாலையும் இல்லை என்றால், போட்டோ எடுத்து ஆட்சியருக்கு அனுப்புங்கள்.

அப்புறம், அந்தப் பவர்காரர். முதல் அறிவிப்பு வந்த பிறகு அதில் உள்ள நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. தெரிந்தே மீறி நஷ்டப்பட்டால் ஆட்சியர் ஈடுகட்ட மாட்டார். இவர் அந்த அறிவிப்பு வெளியாகும் முன்பே வருவது அதனால்தான். பவர் கையில் இருந்தால், ஆட்சியர் தீர்வம் (இழப்பீடு எவ்வளவு என்ற முடிவு) சொல்லும் நாளில் உங்கள் சார்பில் அவர் போய் நிற்பார். உங்கள் ஆள் ஆஜரானால், தொகை போதவில்லை என்று மேலே கேட்பதற்கான ஆறு வாரக் கெடு அன்றே ஓட ஆரம்பித்துவிடும், உங்களுக்குத் தெரியாமலே. அதற்கப்புறம் போனால் தாமதத்துக்குக் காரணம் சொல்லிக் கெஞ்ச வேண்டும்.

நர்மதையில் தரகர்கள் செய்தது இன்னும் மோசம். அங்கே அதிகாரிகள் நிலத்துக்குப் பதில் பணம் கொடுத்து, "நீங்களே நிலம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். இல்லாத நிலத்துக்குத் தரகர்கள் பத்திரம் பதிந்து கொடுத்தார்கள். 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, போலிப் பத்திரத்தில் ஏமாந்த 1,358 குடும்பங்களுக்குத் தலா 15 லட்சம் தரச் சொன்னது. பணம் வாங்காமல் காத்திருந்த 681 குடும்பங்களுக்கோ தலா 60 லட்சம். இன்னொன்று, கிடைக்கும் தொகையில் பங்கு என்று வழக்கறிஞர் பேரம் பேசுவதும் பார் கவுன்சில் விதிப்படி தவறு. கட்டணத்தைத் தொகையாகப் பேசுங்கள்.

பணம் வாங்கும் நாள்தான் எனக்குப் பெரிய கவலை. தொகை குறைவு என்று நினைத்தால் ரசீதில் "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இந்தச் சொல் இல்லாமல் வாங்கினால் 77-ஆம் பிரிவுப்படி கூடுதல் தொகை கேட்கும் உரிமையே போய்விடும். ஒருமுறை ஒரு பெரியவர் என்னிடம் வந்தார், பக்கத்து வயல்காரருக்குக் கிடைத்ததில் பாதிதான் அவருக்கு. ரசீதைப் பார்த்தேன். அச்சடித்த படிவம், "முழுத் திருப்தியுடன்" என்று முதல் வரியிலேயே இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியும், கண்ணாடிதான் வீட்டில். படிவத்தில் இடம் இல்லை என்று எழுத்தர் சொன்னால் ஓரத்தில் எழுதுங்கள்.

சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தால் போங்கள். விரிவாக்கம் என்ற பெயரில் கூட்டமே வேண்டாம் என்று முடிவெடுக்கவும் வழி இருக்கிறது, ஆகவே வைக்கிறார்களா என்பதையே முதலில் விசாரியுங்கள். கூட்டத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை பேர் என்ற கணக்கு கிடையாது. ஊரே புறக்கணித்தாலும் நாலு நாற்காலியை வைத்து நடத்தி, "எதிர்ப்பு இல்லை" என்று எழுதிக்கொள்வார்கள். பின்நீர் பற்றிய உங்கள் கேள்வியை எழுத்தில் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். முடிவில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். அதுவரை எழுந்திருக்காதீர்கள்.

வாரக்காரருக்கு உரிமை உண்டு. எடுப்புக்கு முன் மூன்று வருடம் அந்த நிலத்தில் வாரத்துக்கு உழுது, அதையே முக்கியப் பிழைப்பாக வைத்திருக்கும் குடும்பம் நிலம் இல்லாவிட்டாலும் சட்டப்படி பாதிக்கப்பட்ட குடும்பம்தான். மறுவாழ்வுத் திட்டத்துக்குக் கணக்கெடுக்க வரும்போது அவர் பெயர் ஏற வேண்டும். பெயரைச் சொன்னால் நிலத்துக்கே உரிமை கேட்பாரோ, நம் பணத்தில் பிடிப்பார்களோ என்று சொந்தக்காரர்கள் பயந்து மறைப்பது வழக்கம். அவருக்குத் தருவது மறுவாழ்வுப் பலன், உங்கள் நிலத்தின் விலையில் ஒரு பைசா அதற்காகக் குறையாது. ஏழு வருடமாக இன்னார் உழுகிறார் என்று சர்வே எண் போட்டு ஒரு கடிதம் எழுதி, கையெழுத்திட்டு அவரிடம் கொடுங்கள். கணக்கெடுக்கும் ஆள் வருகிற அன்று அவரையும் வயலில் நிற்கச் சொல்லுங்கள்.